எடைக்கு எடை வெல்லம்

கார்த்திகை 7, ஞாயிறு

விடிஞ்சதுலேர்ந்து தூறல். கரண்ட் இல்ல. தையல் மிசின் மோட்டார்ல ஓடுறது, அதனால சும்மா உக்காந்திருக்கேன். நாலு ஜாக்கெட் பாக்கி. கேட்டு வந்தா மழை மேல பழி.

மதுரை ஆஸ்பத்திரியில டயட் பாப்பா சொல்லிருச்சு. "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க ஆன்ட்டி. ஒண்ணு விடாம." சரி தாயி. அஞ்சாப்பு படிச்ச கை. எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. யாருக்கும் படிக்க வராது, அதுவும் ஒரு வசதிதான். டைரி வீட்டுக்காரருக்கு டயர் கடையில ஓசியில குடுத்தது, போன வருசத்துது. தேதிய அடிச்சு அடிச்சு எழுதுறேன்.

கா. இட்லி ஒண்ணரை, தேங்கா சட்னி. டீ, சீனி போட்டு.
பெறகு மிக்சர் ஒரு கை.
பெறகு இன்னொரு கை. ரெண்டும் என் கைதான, ஒண்ணுன்னே வச்சுக்க பாப்பா.
ம. சோறு நாலு வாய். அஞ்சாவது வாய் நெஞ்சுல நின்னுக்கிட்டு எறங்க மாட்டேன்னுச்சு. எந்திரிச்சுட்டேன்.
சா. டீ. வறுக்கி மூணு.

இதத்தான் ஊருல ஒருத்தருக்கும் புரிய வைக்க முடியல. ஏழு வருசத்துக்கு முந்தி என் வயித்த வெட்டித் தச்சு ஒரு வாழைக்கா அளவுக்குச் சுருக்கி விட்டாங்க. சோறு, கறி, முட்டை, நல்லது பூராம் போயி அடைச்சுக்கும். மிக்சர், முறுக்கு, வறுக்கி, டீ, இதெல்லாம் மழைத் தண்ணி சாக்கடையில போற மாதிரி போயிட்டே இருக்கும். அடைக்கவே அடைக்காது. நாலு வாய் சோறு திங்கிறவ எப்படிக் குண்டாகுறான்னு பாண்டியம்மா அக்காவுக்கு ஆச்சரியம். எதுத்த வீடு. "காத்தக் குடிச்சே ஊதுறியாடி ராஜாத்தி?" ஆமாக்கா, உங்க வீட்டுக் காத்து கொழுப்பு ஜாஸ்தி.

கார்த்திகை 8, திங்கள்

வெயில். பாக்கி ஜாக்கெட் முடிஞ்சுச்சு.

கா. இட்லி ஒண்ணு. (எழுதுறதுக்காகவே ஒண்ணு.) மிக்சர் இல்ல. டப்பாவத் தூக்கி பரண்ல வச்சுட்டேன்.
ம. ரசஞ்சோறு, வெஞ்சனம் பீன்ஸ்.
சா. ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவ எறக்கினேன்.

மக சுகன்யா (இனி சு., கை வலிக்குது) கல்யாணப் பத்திரிக பிரிண்டாகி வந்துருச்சு. தையில கல்யாணம். மாப்பிள்ள வீடு சின்னாளபட்டி, சுங்கடி நெசவுக் குடும்பம். மொதப் பத்திரிக குலசாமிக்கு வைக்கணும், அதுக்குப் பெறகுதான் ஊருக்கு.

அங்கதான் பழைய கடன் வந்து நிக்குது. என்னைய ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டு போனப்ப அவரு வெளிய நின்னு நேந்துக்கிட்டாரு. இவ உசுரோட வந்தா எடைக்கு எடை வெல்லம். வந்துட்டேன். ரெண்டாம் மாசமே குடுத்திருக்கலாம். நான்தான் விடல. எட வாரா வாரம் எறங்கிக்கிட்டே இருந்துச்சா, "இருங்க, இன்னும் கொறையட்டும், சாமிக்குக் கொஞ்சம் கம்மியாக் குடுப்போம்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும். அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம்னு போயிருச்சு. எறங்குறது எப்ப நின்னுச்சு, ஏறுறது எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு எனக்கே தெரியாது. சாமிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். அங்கன உக்காந்து கைய நீட்டிக்கிட்டு, "வா மகளே, சாவகாசமா வா"ன்னு.

கடனப் பாக்கி வச்சுக்கிட்டு பத்திரிக வைக்கக் கூடாது, எங்க வகையில அப்படி. அதனால வாற ஞாயிறு ரெண்டும் சேத்து. சம்பந்தி வீடும் வாறாங்க.

சோறு திங்கிறப்ப அவரு கேட்டாரு. "இப்ப எம்புட்டு இருக்க?"
"எழுவத்தஞ்சு."
வாய் தானா சொல்லிருச்சு. எழுவத்தஞ்சுல இருந்தது அஞ்சு வருசத்துக்கு முந்தி.
செத்த நேரம் என்னையப் பாத்தாரு. "அப்ப மூணு சிப்பம் தாராளம்." சிப்பம்னா முப்பது கிலோ மூட்டை. லோடு வண்டி ஓட்டுறவரு, எதையும் மூட்டையிலதான் கணக்குப் பண்ணுவாரு.
நெய்க்காரபட்டி ஆலைக்கு போனப் போட்டாரு. அந்தப் பக்கம் சத்தமாக் கேட்டுச்சு. "ஏனுங்க, வெள்ளிக்கெழம வண்டியக் கொண்டாந்துருங்க, புது வெல்லமா ஏத்தி உட்டர்றனுங்க."

கார்த்திகை 9, செவ்வாய்

மேகமூட்டம்.

சாமி முன்னால உக்காரும்போது போட்டுக்க நல்ல ஜாக்கெட் ஒண்ணு எடுக்கலாம்னு பீரோவத் தெறந்தேன். எளைச்சப்ப என் ஜாக்கெட் பூராத்தையும் நானே பிடிச்சுத் தச்சேன். ஊருக்கெல்லாம் தைக்கிறப்ப உள்ள ரெண்டு தையல் துணி விட்டுத்தான் வைப்பேன். நாளைக்கு உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்ல. என்னோடதுல மட்டும் உள்துணிய கத்திரியால வெட்டி எறிஞ்சேன். "இனி எதுக்கு?"ன்னு. வெட்டுன துணிய மிசினத் தொடைக்க வச்சுக்கிட்டேன்.

இப்ப பிரிச்சு விட ஒரு விரக்கடை கூட இல்ல. அக்குளுக்குக் கீழ வேற துணியில ஒட்டுப் போடணும். முப்பது வருசமா தைக்கிறவ. எந்தக் கிறுக்கச்சியும் பண்ணாத வேலை.

சேலை நல்ல சாமான். யாரு கட்டுனாலும் கட்டிக்கும், ஒண்ணும் கேக்காது.

கா. மோர். ம. மோர். சா. மோர். சாப்பாட்டுல கைய வைக்கல. ஞாயித்துக்கெழமைக்குள்ள கொஞ்சமாச்சும் கொறைக்கணும்.

பாண்டியம்மா அக்கா: "என்னடி மூஞ்சி வாடிக் கெடக்கு, விரதமா?"
"ஆமாக்கா, மாப்பிள்ளைக்கு மாமியா அழகா இருக்கணும்ல."
"அதுக்கு விரதம் பத்தாது, அடுத்த ஜென்மம் எடுக்கணும்."
ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

கார்த்திகை 10, புதன்

தலை சுத்தல். மோர் போதும்னு நெனச்சது தப்பு. முடி வேற சீப்புல கொத்துக் கொத்தா வருது. சத்து மாத்திரை தீந்து எத்தனையோ நாளாச்சு, வாங்கல.

நம்பரை எழுதிப் பாத்துருவோம். இங்கன யாரு பாக்கப் போறா.

ஆப்பரேசனுக்கு முந்தி நூத்தி இருவது.
எறங்குன மட்டும் எழுவத்தி ரெண்டு.
போன வாரம் மதுரையில நூத்தி மூணு.

எழுதிட்டேன். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. மூணு சிப்பம் தொண்ணூறுதான். அம்புட்டுதான் கணக்கு.

டாக்டர் நல்ல மனுசன். திட்டல. "நெறைய பேருக்கு இப்படித் திரும்ப வருதும்மா. உங்க தப்பு மட்டும் இல்ல. உடம்பு பழைய எடைய ஞாபகம் வச்சிருக்கும், அதத் தேடியே போகும்."
நான் சொன்னேன், "எங்க வீட்டுக்காரருக்கு எம் பேரே சமயத்துல மறந்துருது சார். இந்த உடம்புக்கு மட்டும் இம்புட்டு ஞாபகமா?"
சிரிச்சாரு. நர்சும் சிரிச்சுச்சு. எல்லாரும் சிரிச்சா எனக்கு ஒரு நிம்மதி.
இன்னொரு ஆப்பரேசன் இருக்காம். ஊசி இருக்காம், வாரத்துக்கு ஒண்ணு. "நிப்பாட்டுனா?"ன்னேன். "பெரும்பாலும் திரும்ப ஏறும்"னாரு. அப்ப அதுவும் வாடகை வீடுதான்.

எளைச்ச காலத்துல தோலு தொங்கிக் கெடக்கும். சு. அதப் பிடிச்சு இழுத்து வெளையாடுவா. இப்ப பூராம் நெரம்பிருச்சு. வீடு காலியாக் கெடந்தா எவனாவது குடி வந்துதான ஆவான்.

கார்த்திகை 11, வியாழன்

நல்ல மழை. சாக்கடை ரோட்டுல.

சு. கல்யாண பிளெக்ஸ் போர்டு மாதிரியப் போன்ல காட்டுனா. அவளும் மாப்பிள்ளையும் நடுவுல. ஓரத்துல நானும் அவரும். என் படம் அஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்தது. கழுத்தெலும்பு தெரியுது.
"ஏண்டி, இந்தப் படத்தப் போட்டா மண்டபத்துல என்னையப் பாத்து, 'பொண்ணோட பெரியம்மாவா?'ன்னு கேப்பாங்களேடி."
"இதுதாம்மா நல்லா இருக்கு."
"அப்ப நான்?"
"ச்சீ போம்மா."
அவ வாய்தவறிச் சொல்லல. நல்லா இருக்கிறதுதான் அந்தப் படத்துல இருக்கு.

தராசு வழக்கத்தையும் எழுதி வைக்கிறேன், மனசுல அதுதான் ஓடுது. ஒரு தட்டுல ஆளு. ஒரு தட்டுல வெல்லம். ரெண்டும் சமமாகுற மட்டும் ஆளு எறங்கக் கூடாது. சாமான் பத்தாமப் போச்சுன்னா கடன் தீராது, மறு வருசம்தான். தீராம பத்திரிக வைக்கக் கூடாது. பத்திரிக வைக்காம கல்யாணம் இல்ல. சம்பந்தியம்மா இதுலயெல்லாம் ரொம்பக் கட்டு.

ஆக, என் வாய்ல வந்த ஒரு பொய் எம் மகளோட தையில போயி உக்காந்திருக்கு.

அவரு வண்டியக் கழுவிட்டு வந்தாரு. சொல்லிரலாம்னு காப்பியக் கையில குடுத்துட்டுப் பக்கத்துல நின்னேன்.
"ஏங்க. நான் எழுவத்தஞ்சு இல்ல. நூறத் தாண்டிட்டேன்."
சிரிச்சாரு. "நூத்தம்பதுன்னு சொல்லேன். லாரி பிடிச்சிருவோம்."
"நெசமாத்தான்."
"நீ என்னைக்குடி நெசம் பேசிருக்க?" டவலத் தோள்ல போட்டுக்கிட்டு குளிக்கப் போயிட்டாரு.

இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இருவத்தாறு வருசமா அந்த மனுசன்கிட்ட கேலியாவே பேசிட்டேன். நெசத்தைச் சொல்றதுக்குன்னு தனியா ஒரு கொரல் எங்கிட்ட இல்லவே இல்ல.

ம. தயிர்சோறு. சா. பாக்கியிருந்த மிக்சர் பூராம். டப்பாவக் கழுவிக் கவுத்துட்டேன். சாட்சி இல்ல.

கார்த்திகை 12, வெள்ளி

நெய்க்காரபட்டிலேர்ந்து வெல்லம் வந்துருச்சு. வண்டியிலயே கெடக்கட்டும், மழைக்குத் தார்ப்பாய் போட்டுருக்கேன்னாரு. தெரு பூராம் வாசம். கொசு வேற.

மருந்துக் கடை எட மிசின்ல ஏறலாம்னு போனேன். முன்னால ஒரு காலேஜ் புள்ள. அது எறங்குனதும் கடைக்காரர், "நீங்களா அக்கா?"ன்னாரு. தலைவலி மாத்திர ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன்.

கா. இட்லி ரெண்டு. என்ன இப்ப.

கார்த்திகை 13, சனி

செய்ய வேண்டியது: தேங்கா, பூ, சூடம். பொங்கப் பானை. பத்திரிக மஞ்சத் தடவி தனியா. சம்பந்தியம்மாவுக்கு வெத்தல தட்டு. அவரு வேட்டி அயன். ஜாக்கெட் ஒட்டு (போட்டாச்சு, கை தூக்காம இருந்தா தெரியாது).

சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. "வெல்லம் எம்புட்டு வாங்கிருக்கீக சம்பந்தி?"
"மூணு சிப்பம்."
"ஏன் அம்புட்டு? நீங்க போட்டாவுல ஒல்லியாத்தான இருந்தீக."
அவுக என்னைய நேர்ல பாத்தது பூ வைக்கிற அன்னைக்கு ஒரு தடவ. பட்டுச் சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு ஒரே எடத்துல உக்காந்திருந்தேன். சாமி சிலை மாதிரி.
"சாமிக்குக் கூடக் குடுத்தா கோவிச்சுக்குமா சம்பந்தி?"ன்னேன்.
அவுக சிரிச்சாக.

அவருகிட்ட இன்னொரு மட்டம் சொல்லணும். சொல்லல. வாசப்படியில உக்காந்து பூ கட்டுனேன். கட்டுறதுக்குப் பூ தீந்துருச்சு, அப்பவும் உக்காந்திருந்தேன்.

கார்த்திகை 14, ஞாயிறு

மழை வரும் வராதுன்னு மெரட்டிக்கிட்டே இருந்துச்சு.

கோயிலு அகரம் தாண்டி காட்டுக்குள்ள. தகரக் கொட்டாய். தராசு வெங்காய மண்டியிலேர்ந்து எரவல், பெருசு, ரெண்டு பலகைத் தட்டுச் சங்கிலியில. இரும்புத் தூலத்துல கட்டித் தொங்க விட்டுருந்தாக. சொந்தக்காரவுக ஒரு முப்பது பேரு. சம்பந்தியம்மா, அவுக வீட்டுக்காரர், மாப்பிள்ள.

கால மடக்கி உக்காந்தேன். தட்டு டம்முனு தரையில. கொழுந்தன், அவரு தம்பி, "அண்ணி, மெதுவா. மண்டிக்குத் திருப்பிக் குடுக்கணும்"னான். சிரிப்பு. நான்தான் மொதச் சிரிச்சேன்.

ஒரு சிப்பம் வச்சான். ஒண்ணுமில்ல.
ரெண்டாவது.
மூணாவது. சங்கிலி லேசா முனகுச்சு. நான் அசையல. தர என்னைய விடல.

தகரத்துல ரெண்டு சொட்டு விழுந்தது கேட்டுச்சு.

"தராசுல கோளாறோ?"ன்னாரு பூசாரி. சம்பந்தியம்மா முந்தானையச் சரி பண்ணிக்கிட்டே என்னையப் பாத்தாக. போட்டாவையும் என்னையும் ஒப்பிட்டுப் பாக்குற பார்வை. நான் சொன்னேன், "தராசு நல்லாத்தான் இருக்கு சாமி. கோளாறு இந்தத் தட்டுல உக்காந்திருக்கு." பாதிப் பேரு சிரிச்சாக. சு. சிரிக்கல. பத்திரிகத் தட்டக் கையில வச்சிருந்தா. அவ ஒதடு வெளுத்துப் போயிருந்துச்சு. எனக்கு அடுத்த பேச்சு வரல. மொத மட்டமா வரல.

"வேற இருக்கா?"ன்னாரு பூசாரி.
"இருக்கு"ன்னாரு அவரு.

வண்டிக்குப் போனாரு. தார்ப்பாய வெலக்குனாரு. ஜமக்காளத்துக்கு அடியிலேர்ந்து இன்னொரு சிப்பத்தத் தோள்ல போட்டு வந்தாரு. நாலாவது. வாயக் கட்டியிருந்த சணல அவுத்து, ஒவ்வொரு உருண்டையா எடுத்து வச்சாரு. என் மூஞ்சியப் பாக்கல. முட்டைய அடுக்குற மாதிரி வச்சாரு.

தட்டு எழும்புச்சு.

ஒரு சாண் இருக்கும். தரை கீழ போயிருச்சு. நான் தொங்குறேன். லேசா ஆடுது. ஆப்பரேசன் மயக்கத்துலகூட அப்படி இருந்ததில்ல. உடம்பே இல்லாத மாதிரி. எறங்குன்னு சொல்லிருவாகளேன்னு இருந்துச்சு.

சூடம் காட்டுனாக. கடன் தீந்துச்சுன்னாரு பூசாரி. சு. பத்திரிகைய சாமி காலடியில வச்சா, வச்சுட்டு அழுதா. சம்பந்தியம்மா எனக்குக் கை குடுத்து எறக்கி விட்டாக. புதுச் சுங்கடிச் சேலை ஒண்ணக் கையில வச்சாக. "அரக்கு உங்களுக்கு நல்லா இருக்கும்"னாக. வேற ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா பதிலுக்கு எதையாவது சொல்லி வச்சிருப்பேன்.

தட்டுல ஏறுன வெல்லம் அங்கயே பங்கு. ஆளுக்கு ரெண்டு உருண்டை. ஏறாதது சாமியோடது இல்ல, வீட்டுக்கு.

கார்த்திகை 15, திங்கள்

வெயில் சுள்ளுன்னு. ஒரு ஜாக்கெட் வெட்டுனேன், கை அளவு மாறிப் போச்சு.

அவரு டீ குடிக்கிறப்ப கேட்டேன். கேலி இல்லாம. வந்துச்சு, சின்னக் கொரல்ல.
"எப்பலேர்ந்து தெரியும்?"
"வண்டி ஓட்டுறவன்டி. நீ பக்கத்துல ஏறி உக்காந்தா எனக்குத் தெரியாதா?"
"அன்னைக்குச் சொன்னப்ப ஏன் சிரிச்சீக?"
"நீ சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்த பாரு. சிரிச்சாத் தேவலாம்னு இருந்துச்சு."

அப்ப சு.வுக்கு? தெரியும். கொழுந்தனுக்கு? தெரியும். பாண்டியம்மா அக்காவுக்குக் கேக்கவே வேணாம். தெரியாதவ நான் ஒருத்திதான் போல.

"சரி, நூத்தி மூணுக்கு ஏன் நாலு சிப்பம்? மூணும் ஒரு பதினஞ்சு கிலோவும் போதுமே."
டம்ளரக் கீழ வச்சாரு. "எனக்கு எங்க நூத்தி மூணு தெரியும். ஆப்பரேசனுக்கு முந்தி நூத்தி இருவது இருந்தீல்ல. அதுக்கு வாங்கிட்டேன். எப்படியும் அதத் தாண்டாதுன்னு."

நல்ல மனசுலதான் சொன்னாரு. அதுல ஒரு குத்தமும் இல்ல. டாக்டரு சொன்னதையே இவரு மூட்டையில சொல்லிட்டாரு.

கார்த்திகை 16, செவ்வாய்

தூறல். மிசின் ஓடுது.

மீதி வெல்லம் அடுப்படியில, அரிசி டின்னுக்குப் பக்கத்துல. அரைச் சிப்பத்துக்கு மேல இருக்கும். சணலப் போட்டுக் கட்டி வச்சேன். எறும்பு கண்டுபிடிச்சுருச்சு. அதுவும் ஞாபகம் வச்சு வரும் போல.

இன்னும் எனக்குப் பாக்கி இருக்கிற எட அந்த மூட்டைக்குள்ள இருக்கு. போகும்போதும் வரும்போதும் பாக்குறேன். பாண்டியம்மா அக்காவுக்குக் கொஞ்சம் குடுக்கலாம். சம்பந்தி வீட்டுக்குக் கொஞ்சம். குடுத்துட்டா மட்டும் என்ன.

கா. இட்லி ஒண்ணு.
ம. சோறு மூணு வாய், அடைச்சுருச்சு.
சா. டீ. சீனி போடல.
வெல்லம். ஒரு உருண்டை.